கல்லறைச் சுவரில் ஒரு வெள்ளை விட்டில்

விட்டில்பூச்சியைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிற ஆளா நீ என்று என் பழைய கூட்டாளிகள் கேட்பார்கள். கேட்கட்டும். வடசேரி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விசில் ஊதியும் டிரைவர்மாரை ஏசியும் முப்பது வருஷத்தைக் கழித்தேன். இரண்டு நிமிஷம் பிந்தி வண்டியை எடுத்த எவனையும் சும்மா விட்டதில்லை. வீட்டிலும் அதே வாய்தான். அந்த வாய் செய்த வேலையைத்தான் எழுதப் போகிறேன். குற்றம் சொல்ல என்னைத் தவிர இதில் வேறு ஆள் கிடையாது.

என் மனைவி மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். தவளை, கரப்பான், மண்புழு என்று வருஷா வருஷம் அதே பாடம், அதே படம். அவளுக்கு அலுக்கவே இல்லை. கரும்பலகையில் அவள் வரைந்த கரப்பானைப் பார்த்து ஒரு பிள்ளை பயந்து பெஞ்சில் ஏறி நின்றுவிட்டதாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு காலத்தில் ஊரே அதைப் பேசியது. பிறகு ஊருக்கும் சலித்துப்போனது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தோம்.

அவள் ஓய்வு பெற்ற வருஷம், அவளுடைய அம்மாவின் நினைவு நாளில் காலையிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிறது அது. மூன்று பக்கமும் ரப்பர் மரங்கள், சுற்றிலும் ஆள் உயரக் கருங்கல் சுவர். மழைக்கும் நிழலுக்கும் குறைவில்லாத இடம் என்பதால் அந்தச் சுவரில் கல்லே தெரியாது. சாம்பலும் பச்சையும் கறுப்புமாகப் பாசி படர்ந்திருக்கும். பிரியாணிக்குப் போடுகிற கல்பாசி இருக்கிறதே, அதன் வகையறா. நான் பூவை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இவள் சுவரோடு மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மைக்க கல்லறைக்கு வந்தியா, சுவரப் பாக்க வந்தியா?" என்றேன்.

"அம்ம எங்கயும் போவமாட்டா. இது போயிரும். பைய வாருங்க, சவட்டி நடக்காதீங்க."

பைய நடந்துபோய்ப் பார்த்தேன். பாசியின்மேல் ஒரு பூச்சி. ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவு இருக்கும். இறக்கையை விரிக்காமல் சாய்ந்த ஓட்டுக்கூரைபோல முதுகின்மேல் மடக்கி வைத்திருந்தது. அப்படி ஒரு வெள்ளை. வெளுத்த வேட்டி வெள்ளை அல்ல, பாலாடை வெள்ளை. அதன் குறுக்கே மூன்று சிவப்புக் கோடுகள். முதல் கோடும் கடைசிக் கோடும் முழுசாக ஓடின, நடுக்கோடு மட்டும் பாதியில் அறுந்து கிடந்தது. அறுந்த இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். தலையில் மஞ்சளாகக் கொஞ்சம் பூனைமயிர். சும்மா சொல்லக்கூடாது, நானும் சுவரோடு மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"விட்டிலுதான?" என்றேன் கடைசியில்.

"விட்டிலுதான். ஆனா எந்த விட்டிலு?" என்றாள்.

அந்தக் கேள்வியைத்தான் அவள் அதன்பிறகு இருந்த காலமெல்லாம் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் பழைய புத்தகங்களை இறக்கினாள், போனில் படங்களைத் தேடினாள், சமையலை மறந்தாள். நான் பழங்கஞ்சியைக் குடித்துவிட்டு அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த வகை விட்டிலின் புழுக்கள் பாசியைத் தின்று வளருகிறவையாம். இங்கேயிருந்து ஜாவா வரைக்கும் வெப்பமும் ஈரமும் சேர்ந்து இருக்கிற நாடுகளில் எல்லாம் இதன் சொந்தக்காரர்கள் உண்டாம். சயானா என்பது பேரினம். முன்னே இவற்றுக்கும் இவற்றின் உறவுக்காரர்களுக்கும் தனிக் குடும்பம் ஒன்று இருந்தது. இப்போது அந்தக் குடும்பத்தையே இறக்கி, எரெபிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பமாக வைத்துவிட்டார்களாம். அதில் அவளுக்கு மனவருத்தம்.

"நான் பிள்ளையளுக்கு தனிக் குடும்பம்னுல்லா படிப்பிச்சேன்," என்றாள்.

"அதுக்கு என்ன? ரெண்டு டெப்போவ ஒண்ணாக்கினா போர்டுதான் மாறும். வண்டி அதே வண்டிதான்," என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க இத்தன காலம் எங்க இருந்திய?" என்று கேட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து நானும் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டேன். பிளாஸ்டிக் குப்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பதுதான் என் வேலை.

எங்கள் பக்கத்தில் சாதாரணமாகத் தென்படுகிற சயானாவுக்கு நடுக்கோடு அறுந்திருக்காது, பின்னிறக்கை இளஞ்சிவப்பாக இருக்கும். இவள் பார்த்ததற்கு, அது எழும்பிப் பறந்தபோது தெரிந்த பின்னிறக்கை புகை பிடித்த மாதிரி சாம்பல். வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டில்களை வகைப்படுத்துகிற ஒருவர் இருக்கிறார், நம் தமிழ்நாட்டுக்காரர்தான். பூச்சிக்காரர் என்று நான் அவருக்குப் பெயர் வைத்தேன். இவள் படங்களை அனுப்பினாள். பத்து நாளில் அவரே போன் செய்தார். இதுவரை யாரும் விவரிக்காத இனமாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் படத்தை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது, மாதிரி வேண்டும் என்றார். முக்கியமாக ஆண் பூச்சி வேண்டும். இந்தப் பேரினத்தில் ஆணின் முன்னிறக்கைக்கு அடியில் ஒரு சின்ன மடிப்பு இருக்கும், இனத்துக்கு இனம் அது மாறும். வயிற்றின் நுனியையும் அறுத்து உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். பெண்ணை மட்டும் வைத்துப் புது இனம் என்று எழுதினால் நாளைக்கு இன்னொருவர் வந்து அதைத் தப்பு என்று அடித்துவிடுவார் என்றார்.

பிறகுதான் பெயர் வைக்கிற பேச்சு வந்தது. கண்டுபிடிப்பவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது வழக்கமில்லையாம். ஆனால் விவரித்து எழுதப் போவது அவர்தானே. "உறுதியானால் உங்கள் பெயரையே வைக்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் முதலில் அவள் சிரித்தாள். பிறகு அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது.

"நமக்க பேரச் சொல்ல ஒண்ணு வேண்டாமா? பூச்சியானா என்ன," என்றாள்.

எவ்வளவோ காலத்துக்குப் பிறகு எங்களுக்குள் பிள்ளையைப் பற்றிய பேச்சு வந்தது அன்றைக்குத்தான். அவள் பெயர் லத்தீன் வாலோடு ஒரு பூச்சிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உலகம் உள்ளவரை இருக்கும் என்று நினைத்துக்கொண்டே குப்பியை எடுத்துக் கழுவி வைத்தேன்.

அந்த மழைக்காலத்தில் இரண்டு கிடைத்தன. இரண்டும் பெண். பிஸ்கட் டின்னுக்குள் தெர்மோகோல் வெட்டி வைத்து, இறக்கைகளை விரித்துக் குத்தி, பாச்சா உருண்டை போட்டு வைத்தாள். ஊசிக்குக் கீழே சின்னச் சீட்டில் ஊரும் தேதியும் சேகரித்தவர் பெயரும் எறும்பு ஊர்ந்ததுபோல எழுதினாள். அடுத்த வருஷம் தேடியும் ஆண் மட்டும் கண்ணில் படவில்லை. புழுக்களைக் குப்பியில் போட்டு வீட்டில் வளர்த்துப் பார்த்தாள். பாசி காய்ந்தது, புழுக்களும் செத்தன.

ஒரு நாள் காலை சுவரின் வடக்கு மூலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். "இத மட்டும் பாத்துட்டுப் போவம்" என்றாள். சுவரில் விரல்நுனி அளவுக்கு ஒரு கூண்டு. வலை மாதிரி, கம்பி மாதிரி. நடுவில் கூட்டுப்புழு தொங்கியது.

"புழு தனக்க மயிர ஒவ்வொண்ணாப் பிடுங்கி நட்டு இந்தக் கூட்டக் கெட்டியிருக்கு. கேட்டியளா? தனக்க மேலயே உள்ளத எடுத்து. இந்தப் பாசிதான் இதுக்குச் சோறு. பாசி உண்டானா இதுவும் உண்டு."

நான் வாட்சைப் பார்த்தேன். அன்று அவளுக்கு முதல் தடவையாக ஸ்கேன் எடுக்கத் திருவனந்தபுரம் போக வேண்டியிருந்தது. "செரி செரி, வா. பஸ்சு போயிரும்," என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை நான் இதுவரை எத்தனை தடவை திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஸ்கேனில் வந்தது என்ன என்று விவரிக்க விரும்பவில்லை. எங்கள் மாவட்டத்தில் அந்த நோய் இல்லாத தெரு குறைவு. எட்டு மாதம் போனோம், வந்தோம். முடி கொட்டியது, சோறு இறங்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் வழியாக வெளிச்சுவரைப் பார்ப்பாள், அதில் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று. ஒரு தடவை, "ஆணு கெடச்சுதா?" என்று கேட்டாள். நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போயே மூன்று மாதம் ஆகியிருந்தது. "தேடிட்டிருக்கேன்" என்று பொய் சொன்னேன். கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுவரப் போய்ப் பாருங்க. மழ விட்டதும் பாருங்க. ஆணு வரும்," என்றாள். "வரும், நான் பிடிச்சு அனுப்புவேன், உனக்க பேரு வரும்," என்று சத்தியம் செய்தேன். ஐப்பசி மழையில் அடக்கம் செய்தோம். அவளுடைய அம்மாவின் பக்கத்தில் இடம் இல்லை. வடக்கு மூலையில், சுவரை ஒட்டித்தான் கிடைத்தது.

இனி என் புத்தி வேலை செய்த விதத்தைச் சொல்லவேண்டும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் இறந்தால் வருஷம் திரும்புவதற்குள் அவர் நினைவாகச் சர்ச்சுக்கு ஏதாவது செய்வார்கள். பெஞ்சு, மைக், மணி, நாற்காலி. ஃபேனின் இறக்கையில்கூட இன்னார் நினைவாக என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். ஓடும்போது வாசிக்க முடியாது, நின்றால்தான் இறந்தவர் யார் என்று தெரியும். ஈஸ்டருக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சபைக் கமிட்டி செக்ரட்டரி வீட்டுக்கு வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷன்.

"அண்ணே, டீச்சருக்க பேர்ல என்ன செய்யப் போறிய?"

நான் யோசிக்கவே இல்லை. அடக்கத்தன்று மழையில் நனைந்து, சொட்டச் சொட்ட, கறுத்து நின்ற அந்தச் சுவர் கண்ணுக்குள் இருந்தது. இப்படி ஒரு அழுக்குச் சுவருக்குக் கீழே அவளைப் போட்டுவிட்டு வந்தேனே என்று அன்றிலிருந்து வயிறு எரிந்துகொண்டிருந்தது. "கல்லறத் தோட்டச் சுவரு முழுசும் நான் வெள்ளையடிச்சுத் தாறேன்," என்றேன்.

கேட்டால் நம்பமாட்டீர்கள். அவளோடு இரண்டு வருஷம் அந்தச் சுவர் ஓரமாகக் குப்பி தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். பூச்சி வேறு, பாசி வேறு என்றுதான் என் மண்டையில் இருந்தது. பூச்சி வந்து உட்காருகிற இடம் சுவர். வெள்ளையடித்தால் இன்னும் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும் என்றுகூட நினைத்தேன். பஸ் நிலையத்துக்குப் பெயின்ட் அடித்தால் பஸ் வராமல் போகுமா? அப்படி ஒரு அறிவு.

வெள்ளையடிக்க வந்த பெயின்டர் மெலிந்த மனுஷன், தன் தொழிலைத் தெரிந்தவர். முதல் நாள் பாசியின்மேலேயே லேசாகத் தேய்த்துவிட்டு அடிக்க ஆரம்பித்தார். நான் போய்ப் பார்த்தேன். வடக்கு மூலையில் பாசி திட்டுத் திட்டாக வெள்ளைக்குள் தெரிந்தது. என் தலைக்கு ஏறிவிட்டது. டிரைவர்மாரை ஏசுகிற அதே தொண்டையில், கல்லறைகளுக்கு நடுவே நின்று கத்தினேன்.

"எனக்க பெஞ்சாதிக்க கல்லறைக்குப் பொறத்தாலயா இப்பிடிச் செய்யிய? கம்பி பிரஷ்சப் போட்டு ஒரயும். ஒரு துளி பாசி இருக்கப்பிடாது. ஒரு துளி!"

மனுஷன் வாளியை வைத்துவிட்டுக் கம்பி பிரஷ் வாங்க ஓடினார். இரண்டு நாள் கம்பி பிரஷ்ஷால் உரசினார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பச்சையும் சாம்பலும் பொடியாக அவள் கல்லறைமேல் உதிர்ந்தது. நானே துடைப்பத்தை எடுத்துக் கூட்டித் தள்ளினேன். பிறகு இரண்டு கோட்டு சுண்ணாம்பு. வாசலுக்குப் பக்கத்தில் சலவைக்கல்லில் அவள் பெயரை வெட்டி, நினைவாக என்று எழுதிப் பதித்தார்கள். ஈஸ்டர் அன்று விடியற்காலையில் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு வந்தபோது சுவர் பளீர் என்று இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லாத ஆள் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பூச்சிக்காரர் போன் செய்தார். அந்த இரண்டு பெண் பூச்சிகளை அவள் இருக்கும்போதே அனுப்பியிருந்தாள். அவர் ஒப்பிட்டுப் பார்த்து முடித்துவிட்டார். "எனக்குக் கிட்டத்தட்ட சந்தேகமே இல்லை ஐயா. ஒரு ஆண் போதும். அதே சுவரில் பாருங்கள். இந்தப் பூச்சி தூரம் பறக்காது, பாசியை விட்டுப் போகாது."

"பாசிய விட்டு?" என்றேன்.

"ஆமாம், புழுவுக்கு அதுதானே சாப்பாடு. அம்மா சொல்லவில்லையா?"

அம்மா சொன்னாள். அம்மா சொன்னாள் ஐயா. நான்தான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்புகூடப் போடாமல் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். நாலு பக்கமும் வெள்ளை. ஒரு எறும்புகூட இல்லை. வடக்கு மூலையில் கம்பி பிரஷ் எட்டாத ஒரு கல்லிடுக்கில் சுண்ணாம்பு கொஞ்சம் புடைத்திருந்தது. நகத்தால் பெயர்த்தேன். கூண்டு. மயிர்க் கம்பிகள் ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பு உறைந்து மூடியிருந்தது. உள்ளே கூட்டுப்புழு கறுத்து, வற்றி, தொட்டதும் தூளாகப் போனது. அங்கேயே அவள் கல்லறைமேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். ரப்பர் வெட்டுகிற ஆள் ஒருவர் பார்த்துவிட்டு, பெண்சாதி போன துக்கம் என்று நினைத்துப் பேசாமல் போனார்.

பிறகு தேடாத இடம் இல்லை. மார்த்தாண்டம் பக்கத்தில் எந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தையும் விடவில்லை. கொட்டாரம் வரைக்கும் பஸ் ஏறிப்போய் வயல்கரைக் கற்களைக்கூடப் பார்த்தேன். ரப்பர் மரத்துப் பட்டைகளில், பாலத்தின் அடியில், பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் சுவரில். ஒரு சர்ச்சில் என்னைத் திருடன் என்று நினைத்துப் பிடித்து வைத்துவிட்டார்கள். விட்டில் தேடுகிறேன் என்று சொன்னதும் பாவம் என்று விட்டுவிட்டார்கள். நடுக்கோடு முழுசாக ஓடுகிற சாதாரணப் பூச்சி நாலைந்து இடத்தில் கிடைத்தது. அதன் ஆண்கூடக் கிடைத்தது; பெண்ணுக்கு இரண்டு புள்ளி என்றால் ஆணுக்கு மூன்று. அறுந்த கோட்டுக்காரி எங்கேயும் இல்லை. எல்லா இடத்திலும் சுவர்கள் வெள்ளையாக, மஞ்சளாக, ரோஸாக இருந்தன. எல்லாச் சுவரிலும் யாரோ ஒருவருடைய பெயர், நினைவாக. செத்தவர்கள்மேல் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு பாசம்.

நான் மாறிப்போனேன். பேச்சு குறைந்தது. வீட்டில் தனியாக இருக்கும்போது சில நாள் அவளிடம் சண்டை போடுவேன். ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, பிள்ளைகளுக்குப் படிப்பித்ததுபோல எனக்கும் காதைப் பிடித்துத் திருகிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்துவேன். கத்தி முடித்தால் வீடு முன்னைவிட அமைதியாக இருக்கும். பூச்சிக்காரர் மாதம் ஒரு தடவை கேட்பார். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆனது. ஆண் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நானே ஒரு நாள் கேட்டேன். "பெட்டியில் சயானா, இனம் தெரியவில்லை என்று எழுதி வைப்போம். பின்னால் யாராவது பார்ப்பார்கள்," என்றார். அப்படி எழுதி வைத்தவை அங்கே நிறைய உண்டாம்.

ஆனியிலும் ஐப்பசியிலும் மழை வெளுத்து வாங்கியது. வருஷம் திரும்பியது. அவள் நினைவு நாளில் பூ வைக்கப் போனபோது வடக்கு மூலையில், அவள் தலைமாட்டுக்கு நேரே, சுண்ணாம்பு ஓர் ஆள் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது. கல்மேல் பச்சையாக ஒரு படலம். பாசி என்று சொல்ல முடியாது, பாசியின் தொடக்கம். நான் கைலேஞ்சித் துணியால்கூட அதைத் தொடவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் போனேன். குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்ச் சுவருக்கு ஊற்றினேன். செடிக்கு ஊற்றுகிறவனைப் பார்த்திருப்பீர்கள், சுவருக்கு ஊற்றுகிறவனைப் பார்த்திருக்கமாட்டீர்கள். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும்.

மாசி கடைசியில் ஒரு நாள் அந்தப் பச்சையின்மேல் ஒரு புழுவைப் பார்த்தேன். கறுப்பு மயிர், பக்கவாட்டில் ஆரஞ்சுப் புள்ளி. அவள் குப்பியில் வளர்த்துச் சாகக்கொடுத்த அதே புழு. எங்கே ஒளிந்திருந்து பிழைத்ததோ, யாருக்குத் தெரியும். பூச்சிக்காரருக்குப் படம் அனுப்பினேன். பெயர்த்து எடுக்காதீர்கள், அங்கேயே கூடு கட்டட்டும் என்றார். கட்டிய பிறகு மேலே வலைத்துணியைக் கட்டி வையுங்கள், பத்துப் பன்னிரண்டு நாளில் பூச்சி வரும், ஆணா பெண்ணா என்று அப்போது தெரியும் என்றார். அவர் குரலிலும் சந்தோஷம் தெரிந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் காலை கூண்டு எழும்பி நின்றது. மயிரைப் பிடுங்கி நட்டு, நடுவில் தொங்கிக்கொண்டு.

அன்றே செக்ரட்டரியைப் பார்த்தேன். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இந்த வருஷமும் சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று தெரியும். இந்தத் தடவை வேறு ஒரு குடும்பத்தின் உபயம்.

"தம்பி, வடக்கு மூலையில எனக்க பெஞ்சாதிக்க தலமாட்டுக்கு நேரே ஒரு ஆள் அகலம் விட்டுரணும். தொடப்பிடாது."

"ஏன் அண்ணே?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முழுசாக மனசிலானதா என்று தெரியாது. என் முகத்தைப் பார்த்து, "செரி அண்ணே. டீச்சருக்க காரியமில்லா. நான் பெயின்டர்ட்ட சொல்லியிருதேன்," என்றார். நானே நேரில் பெயின்டரிடம் சொல்லியிருக்கலாம். போன வருஷம் அந்த மனுஷனை நாலு பேர் முன்னால் அப்படி ஏசிவிட்டு, இப்போது போய்க் கெஞ்சுவதற்குக் கூச்சமாக இருந்தது. உண்மை அதுதான்.

சனிக்கிழமை காலை வடசேரிக்குப் போனேன், மெல்லிய வலைத்துணி வாங்க. கடைகடையாக ஏறி, இறக்கை உரசினாலும் கிழியாத மாதிரிப் பார்த்து வாங்கினேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஆணாக இருக்கவேண்டும் ஆண்டவரே என்று ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தேன். அவள் இறந்த பிறகு நான் மனதார ஜெபித்தது அன்றுதான்.

கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும்போது மத்தியானம் ஆகியிருந்தது. பெயின்டர் வடக்கு மூலையில் நின்று பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார். மற்ற மூன்று பக்கமும் பழையபடி கிடந்தது. வடக்குப் பக்கம் மட்டும் பளீர் என்று இருந்தது. கல்லறையின்மேல் பச்சைப் பொடி. கம்பி பிரஷ் பக்கத்தில் கிடந்தது.

என்னைக் கண்டதும் மனுஷன் எழும்பி நின்று மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். முகத்தில் பயமும் இருந்தது, ஒரு சந்தோஷமும் இருந்தது.

"சாரே, மொதல்ல உங்க எடத்தத்தான் எடுத்தேன். செக்ரட்டரி சொன்னாரு, அத விட்டிரு, சாரு தொடாண்டாம்னு சொன்னாருன்னு. நான் விடுவனா? போன வருஷம் நீங்க பட்ட வருத்தம் நான் பாத்தல்லா. துக்கத்துல ஏதோ சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். நல்லா ஒரஞ்சு, ரெண்டு கோட்டு போட்டிருக்கேன். நீங்க சொன்னதுபோல ஒரு துளி பாசி இல்ல. பாருங்க, ஒரு துளி."

ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் என் வார்த்தையைத்தான் எனக்குத் திருப்பிச் சொன்னார். கையில் வலைத்துணிப் பொட்டலத்தோடு நின்றேன். அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

"நல்லா இருக்கு," என்றேன்.

அவருக்கு நிம்மதி. வாசல் பக்கம் போய், அவள் பெயர் வெட்டிய சலவைக்கல்லில் தெறித்திருந்த சுண்ணாம்பை ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தார்.